ஈயம் ஒட்டாத மூன்று நாட்கள்

எழுபதை நெருங்குகிறேன். இனிமேல் எதைக் கேட்டாலும் ஆடிப்போக மாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் ஆடிப்போனேன்!

அதுவும் எங்கே? இருபத்திரண்டு வருஷமாக நான் நிற்கிற அதே இடத்தில். ஈயம் உருகுகிற என் சட்டிக்கு முன்னால்.

பேப்பரில் வாரா வாரம் வருகிற இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, புது வீடுகளுக்கு நடுவே எங்கள் ஷெட் இருக்கிறது. கரண்ட் போனால் எரிகிற எமர்ஜென்சி லேம்ப் இருக்கிறதல்லவா, அதற்குள் ஒரு பச்சை அட்டை இருக்கும். போர்டு என்போம். அந்தப் போர்டை ஒரு கம்பெனிக்காக நாங்கள் கோர்த்துக் கொடுக்கிறோம். மேசையில் ஏழு பெண்கள், செக்கிங்குக்கு விஜயா, ஈயச் சட்டிக்கு நான். மொத்தம் ஒன்பது பேர்.

வேலை இதுதான். போர்டில் ஊசித் துளைகள் இருக்கும். அடிப்பக்கத்தில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பொட்டு அளவுக்கு ஓர் உலோக வட்டம். மேசைப் பெண்கள் சின்னச் சின்னப் பொருட்களின் கால்களை அந்தத் துளைகளில் கோர்ப்பார்கள். கோர்த்தது என்னிடம் வரும். நான் இடுக்கியால் பிடித்து, அடிப்பக்கத்தை முதலில் பிளக்ஸில் தொடுவேன் — அது அழுக்கை எடுக்கிற திரவம். பிறகு உருகிய ஈயத்தின் மேல் ஒரு மூச்சு நேரம் வைத்து எடுப்பேன்.

அவ்வளவுதான். சொல்லும்போது அவ்வளவுதான்...

ஒழுங்காகப் பிடித்த ஈயம் பார்ப்பதற்கு நம் ஊர் அண்ணாமலை மாதிரி இருக்கும். அடி அகன்று, மேலே போகப் போகக் கூர்ந்து, காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிடிக்காத ஈயம் எண்ணெய்த் தட்டில் விழுந்த தண்ணீர் மாதிரி. உருண்டு, ஒதுங்கி, தனியாக நிற்கும். தொட்டால் கழன்று வரும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதையும் நான் சொல்லச் சொல்ல வேறொருவர்தான் எழுதுகிறார். பிளக்ஸ் டப்பாவில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மூடியைத் திறந்து முகர்ந்தால் புதிதா பழசா என்று சொல்லிவிடுவேன். ஈயத்தின் மேல் படிகிற ஆடையின் நிறத்தைப் பார்த்தே சூடு கம்மியா ஜாஸ்தியா என்று சொல்லிவிடுவேன். படித்து வந்த எத்தனையோ பேர் என் போர்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரும்மா இது போட்டது?" என்று கேட்டிருக்கிறார்கள்.

பெருமையா? ஆமாம். பெருமைதான்!

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

ஆருத்ரா தரிசனம் முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்குத் தீப மை வந்தது. கார்த்திகைக்கு மலை உச்சியில் எரிந்த கொப்பரையின் கரியை நெய்யில் குழைத்துச் செய்கிற மை. நடராஜருக்குச் சாத்திய பிறகுதான் நமக்குக் கிடைக்கும். சின்ன டப்பாவில் கொஞ்சம். அதை நான் வீட்டில் மட்டும் வைத்துக்கொள்வேனா? ஷெட்டுக்கு எடுத்துப் போனேன்.

திங்கள் காலை வாசலிலேயே நின்றேன். உள்ளே வருகிற ஒவ்வொருத்தியும் மோதிர விரலால் தொட்டு, நெற்றியில் இட்டுக்கொண்டு, நேராக மேசைக்குப் போனாள். அடுத்த இரண்டு நாள் காலையும் இதேதான்.

ஒருத்தி மட்டும் தயங்கினாள். தேன்மொழி. அடி அண்ணாமலையில் இருந்து ஷேர் ஆட்டோவில் வருகிற பெண். டிப்ளமோ படித்தவள். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம்.

"எனக்கு வேணாம் பெரியம்மா," என்றாள் காதோரம். "நான் இன்னிக்குத் தூரம்."

சட்டென்று டப்பாவைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "சட்டிப் பக்கம் வராதே. சாமி படத்தாண்ட போவாதே. மேசையிலயே உக்காரு."

இது எங்கள் ஷெட்டில் பழைய சட்டம். போட்டவள் நான்தான்.

அன்று சாயங்காலம் விஜயா பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"பெரியம்மா... இத்த கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். போர்டு முழுக்க மலை மலையாகப் பிடித்திருந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் மூன்று நான்கு வட்டங்கள் மொட்டையாக நின்றன. ஈயம் அவற்றை ஒட்டாமல் சுருண்டு ஒதுங்கியிருந்தது.

என் சட்டியிலா? என் கையிலா?

"ஒண்ணு தானேடி," என்றேன்.

"ஒண்ணு இல்ல பெரியம்மா. பாதிக்கு மேல இப்படித்தான் இருக்குது."

இந்த மாதம் கொடுக்க வேண்டிய லாட் இது. இப்படியே போய்க் கம்பெனி திருப்பி அனுப்பினால், அடுத்த லாட் நமக்கு வராது. வேறு ஊருக்குப் போய்விடும். ஒன்பது பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை ஒரு வழி விடவில்லை. ஈயத்தின் மேல் இருந்த கசடை வழித்து எறிந்தேன். பிளக்ஸைக் கொட்டிவிட்டுப் புது டப்பா உடைத்தேன். சூட்டை ஏற்றினேன். போர்டின் பச்சைப் பூச்சு கொப்புளித்ததே தவிர, மொட்டை வட்டங்கள் மொட்டையாகவே நின்றன. பிளக்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். பாவம் அந்த மனுஷன், "நல்ல சரக்குதாம்மா, நல்ல சரக்குதாம்மா" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

விஷயம் என்னவென்றால், ஈயம் நன்றாகத்தான் உருகியது. உருகுவதில் ஒரு குறையும் இல்லை. ஒட்டுவதில்தான் குறை. இரண்டும் வேறு வேறு என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பதற்றத்தில் கை திரும்பத் திரும்பச் சூட்டுக் குமிழைத்தான் தேடியது.

எலுமிச்சம்பழம் வாங்கிச் சட்டியைச் சுற்றி எறிந்தேன். போதாதென்று இன்னொன்றும் செய்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் கை கழுவி வந்ததும், மறுபடி மை டப்பாவை நீட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சுக்கோங்கடி. யார் கண்ணோ பட்டிருக்குது."

வைத்துக்கொண்டார்கள். மதியத்துக்கு மேல் மொட்டை வட்டங்கள் இன்னும் கூடிப்போயின!

சாயங்காலம் விஜயா என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி ஒரே கேள்விதான் கேட்டாள்.

"பெரியம்மா, தேன்மொழி தூரம்னு சொன்னாளே... திங்கக்கிழமைதானே?"

திங்கட்கிழமைதான். எல்லாம் ஆரம்பித்ததும் திங்கட்கிழமைதான்.

எனக்குள் ஏதோ ஒன்று டக்கென்று பொருந்தியது. அப்பாடா என்றிருந்தது. காரணம் தெரிந்துவிட்டதே! அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

புதன் காலை, ஏழு பேருக்கு முன்னால், தேன்மொழியை வாசலிலேயே நிறுத்தினேன்.

"நீ வேலையைத் தொடாதே. குளிச்சு முழுகிட்டு அஞ்சு நாள் கழிச்சு வா. உன்னாலதான் ஈயம் ஒட்ட மாட்டேங்குது."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"போன மாசமும்தான் எனக்கு வந்துச்சு. அப்ப ஒட்டலயா?"

"எதிர்த்துப் பேசாதே."

"சரி பேசல. நான் கோத்த போர்டை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க பெரியம்மா. ஓரத்துல என் எழுத்து இருக்குது இல்ல?"

எங்கள் வழக்கம் அது. யார் கோர்த்ததோ அவர் பெயரின் முதல் எழுத்தை ஓரத்தில் மார்க்கரால் போட்டுவிட வேண்டும். பொருளை மாற்றிக் கோர்த்துவிட்டால் யார் என்று தெரிவதற்காக.

எடுத்துப் பார்த்திருக்கலாம். நான்கு தப்படி தூரத்தில் அடுக்கி வைத்திருந்தது.

"பாக்க வேண்டியதில்ல," என்றேன்.

இதைத்தான் இந்த ஒரு வாரமாக நினைத்து நினைத்து மருகுகிறேன். பழி சொன்னதைக்கூடப் பதற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். பார்க்க வேண்டியதில்லை என்று சொன்னேனே... அதற்கு என்ன சொல்வது?

தேன்மொழி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள், ஆட்டோவுக்காக. "எங்கம்மா கேப்பாங்க, எதுக்கு அனுப்பிட்டாங்கன்னு. என்ன சொல்லட்டும்?" என்று போகிற போக்கில் கேட்டாள். எல்லோரும் மேசைக்குத் திரும்பினார்கள்.

ஆட்டோ வருவதற்கு முன் கம்பெனி கார் வந்துவிட்டது. விஜயா முந்தின நாளே போன் போட்டிருக்கிறாள். இறங்கியவர் தர ஆய்வுக்கு வருகிற இன்ஜினியர். முப்பது வயது இருக்கும். தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

"என்னம்மா, உங்க கையிலயே ஒட்டலயாமே?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டியில் ஒரு கம்பியை விட்டுச் சூட்டை அளந்தார். "சட்டியில கோளாறு இல்ல. நீங்க ஏத்துனதுதான் கொஞ்சம் ஜாஸ்தி." குமிழைக் குறைத்தார். பிறகு பாக்கெட்டைப் பிரித்து ஒரு புதுப் போர்டை எடுத்தார். பொருள் எதுவும் கோர்க்காமல், கையால் தொடாமல், இடுக்கியால் பிடித்து என்னிடம் நீட்டினார். "இத அப்படியே போடுங்கம்மா."

பிளக்ஸில் தொட்டேன். ஈயத்தில் வைத்து எடுத்தேன்.

ஒரு வட்டம் விடாமல் பளபளவென்று பிடித்திருந்தது!

"அப்போ ஈயம் நல்ல ஈயம். பிளக்ஸ் நல்ல பிளக்ஸ். போர்டும் நல்ல போர்டு," என்றார். "பாக்கெட்டுக்கும் சட்டிக்கும் நடுவுலதான் ஏதோ நடக்குது."

நடுவில் இருப்பது மேசை. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பார்த்தாயா, நான் சொன்னது சரி என்று!

அவர் கெட்ட போர்டுகளை வரிசையாகப் பரப்பினார். எல்லாவற்றிலும் அதே இடம். நடுவில், கொஞ்சம் வலப்பக்கமாக. அப்புறம் ஓரத்து எழுத்துகளைப் பார்க்க ஆரம்பித்தார். கெட்டது இந்தப் பக்கம், நல்லது அந்தப் பக்கம். நல்ல பக்கத்தில் சேர்ந்துகொண்டே வந்ததை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். தே... தே... தே... தே...

"யாரு இந்த 'தே'? இவங்க போர்டு ஒண்ணுகூட கெடலயே!"

மேசைக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"தேன்மொழி சார்," என்றாள் விஜயா கடைசியில். "வெளிய உக்காந்திருக்குது."

"ஏன் வெளிய?"

எட்டுப் பேரும் தரையைப் பார்த்தோம். ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது? அவரே வாசலுக்குப் போய்க் கூப்பிட்டார். தேன்மொழி பையோடு உள்ளே வந்து நின்றாள்.

"உங்களது மட்டும் எப்படிங்க ஒழுங்கா வந்துருக்கு?"

"தெரியல சார். என்னாலதான் எல்லாம் கெட்டுதுன்னு சொன்னாங்க."

"ஏன்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எனக்கு பீரியட்ஸ் சார்."

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல என்பார்களே... தினமும் ஈயம் காய்ச்சுகிற எனக்கு அதன் அர்த்தம் அன்றுதான் தெரிந்தது. அந்தத் தம்பி முகம் சிவக்கும், வெளியே ஓடிவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"சரி," என்றார் அவர். "அதுக்கும் ஈயத்துக்கும் என்ன சம்பந்தம்?"

கேட்டாரே ஒரு கேள்வி! கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். நான் பதில் சொல்லப் போகிறேன் என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாகச் சட்டம் போட்டவள் நான்தானே?

நான் இடுக்கியை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தேன்.

அவர் மேசையில் இருந்த ஒருத்தியிடம் போர்டைக் கொடுத்து, எப்போதும் போலக் கோர்க்கச் சொன்னார். அவள் போர்டைத் தூக்கி வலது கைவிரல்களால் அடியில் தாங்கிக்கொண்டாள். கால்களை அடியில் பிடித்து இழுக்க வலது கைதான் வாகு என்பதால், பொருளை இடது கையால் கோர்த்தாள்; எங்கள் மேசையில் எல்லோருக்கும் அதே பழக்கம். தம்பி குனிந்து அடியில் பார்த்தார். மோதிர விரல் நுனி எங்கே அழுத்திக்கொண்டிருந்தது தெரியுமா? நடுவில், கொஞ்சம் வலப்பக்கமாக. அச்சு அசலாக அதே இடம்!

வெள்ளைப் பஞ்சை எடுத்து அவள் விரலைத் துடைத்தார். லேசாகப் பிசுக்கு. லேசாகக் கறுப்பு.

"என்ன இது?"

விஜயாவின் கண் என் பக்கம் திரும்பியது. என் கண் வாசல் பக்கம் திரும்பியது.

"மை சார்," என்றாள் தேன்மொழி. அவளுக்கே அந்த நொடியில்தான் உறைத்திருக்கிறது, குரல் ஏறிவிட்டது. "தீப மை! பெரியம்மா தினமும் வாசல்லயே தராங்க. எல்லாரும் அந்த விரல்லதான் எடுத்து வெச்சாங்க. நான் தூரம்னு... நான் மட்டும்தான் தொடல!"

"கைய புடவையில தொடச்சிட்டுத்தானே உக்காந்தோம்," என்று முனகினாள் மேசையில் ஒருத்தி.

"தொடச்சா கறுப்பு போயிடும். நெய் போகாதுங்க," என்றார் தம்பி.

நான் விடவில்லை. "பிளக்ஸ் எதுக்குத் தம்பி இருக்குது? அது எடுக்காதா?"

"பிளக்ஸ் துருவைத்தாம்மா தின்னும். நெய்யைத் தின்னாது."

கோர்த்து வைத்திருந்த இரண்டு போர்டுகளை எடுத்தார். ஒன்றின் அடியை ஸ்பிரிட்டில் துடைத்தார். இன்னொன்றை அப்படியே விட்டார். இரண்டையும் நானே போட்டேன். துடைத்தது மலை மலையாக எழுந்து நின்றது. துடைக்காதது... சொல்ல வேண்டுமா?

இடுக்கியைக் கீழே வைத்தேன். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

என் கைதான். திங்கட்கிழமை என் கைதான் கொடுத்தது. செவ்வாய்க்கிழமை, கை கழுவிவிட்டு வந்தவர்களைக் கூப்பிட்டு, ஜாஸ்தியாக வைத்துக்கொள் என்று கொடுத்ததும் என் கைதான். அந்த ஒன்றைத் தொடாமல் இருந்தவளைத்தான் வெளியே உட்கார வைத்தேன்.

சாமி மேல் குறை சொல்லாதீர்கள். நெய், நெய்யாகத்தான் இருக்கும். நெற்றியில் இட வேண்டியதைப் போர்டில் இட்டது நாங்கள்.

தம்பி மற்ற வேலைகளைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கெட்ட போர்டுகளை ஸ்பிரிட்டில் துடைத்து, ஈயம் வைக்கிற சூட்டுக்கோலால் ஒவ்வொன்றாகச் சரி செய்யலாம் என்றார். கோர்ப்பதற்கு முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலுறை மாட்டிக்கொள்ள வேண்டும் என்றார். லாட் தப்பித்தது. வேலை தப்பித்தது.

தேன்மொழி மட்டும் பையைக் கீழே வைக்கவில்லை.

"பெரியம்மா, ஒண்ணு கேக்கட்டா? எனக்கு முன்னாடி எத்தினி பேரை இப்படி அனுப்பிருக்கீங்க?"

விரல் விட்டு எண்ணப் பார்த்தேன். இரண்டு கையும் போதவில்லை. போர்டு கெட்டால், கணக்குச் சரியாக வராவிட்டால், கரண்ட் போனால்கூட நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "யாருடி தூரம்?" ஒவ்வொரு தடவையும் ஒருத்தி கையைத் தூக்குவாள். ஒவ்வொரு தடவையும், பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா என்பேன்.

அன்றுதான் மண்டையில் உறைத்தது. எட்டுப் பெண்கள் வேலை செய்கிற இடத்தில், எந்த நாளைக் கேட்டாலும் பெரும்பாலும் யாராவது ஒருத்திக்கு அந்த நாளாகத்தான் இருக்கும்! அப்புறம் என் கேள்விக்கு ஆள் கிடைக்காமல் எங்கே போகும்? நான் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை என்று இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்தேனே... தப்பு என்று காட்டிக்கொடுக்க முடியாத மாதிரி ஒரு பதிலை வைத்திருந்திருக்கிறேன். அவ்வளவுதான்.

உங்களிடமும் இப்படி ஒரு பதில் இருக்கும். மருமகள் வந்த வேளை, பக்கத்து வீட்டுக்காரி பார்வை, புதிதாகச் சேர்ந்தவன் ராசி... கையருகே தயாராக இருக்கும். அதை எடுப்பதற்கு முன், நான்கு தப்படி நடந்து அடுக்கைப் புரட்டிப் பாருங்கள்.

"தப்பு என்னுதுதான்டி," என்றேன். இப்படி ஒரு வாக்கியத்தை அந்த ஷெட்டில் நான் சொன்னதே இல்லை. "சட்டம் இனிமே கிடையாது. சட்டியாண்டயும் வா. எங்க வேணா நில்லு."

"அதெல்லாம் சரி. ஏழு பேர் முன்னாடி இல்ல சொன்னீங்க?"

"இப்பவும் ஏழு பேர் இருக்காங்களே. கேட்டுக்கிட்டுத்தானே இருக்காங்க?"

"இவுங்க எல்லாம் என்னெதிர்ல கேட்டுக்குவாங்க. எங்க ஊர்ல, ஆட்டோவுல, எங்கம்மாகிட்ட யாரு சொல்றது? இந்நேரம் விஜயாக்கா எத்தினி பேருக்குப் போன்ல சொல்லிச்சோ!"

விஜயா பூதக்கண்ணாடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"வாரா வாரம் பேப்பர்ல எழுதறீங்க இல்ல? உங்க போர்டு மலை மாதிரி இருக்கும், அப்படி இப்படின்னு," என்றாள் தேன்மொழி. "இதையும் எழுதுங்க. என் பேரைப் போட்டு."

"உன் பேரைப் போட்டா? அந்த... அந்த விஷயத்தையுமாடி?"

"அத்தையும்தான். சொல்லி வெளிய உக்கார வெக்கும்போது வெக்கமா இல்லியே பெரியம்மா?"

பையைக் கீழே வைத்தாள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

எனவே, அடி அண்ணாமலையில் இருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவர்கள், தேன்மொழியின் அம்மா, இன்னும் யார் யார் காதுக்கெல்லாம் அந்தப் பேச்சு போனதோ அவர்கள் எல்லோரும் தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள்: கெடுத்தவள் நான், அந்த மூன்று நாளும் அந்த ஷெட்டில் சுத்தமாக இருந்த கை, அவளுடையது ஒன்றுதான்.